கேலி செய்யத் தெரியாத நகைச்சுவை நடிகை

அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளைத் திரைக்குக் கொண்டுவர எம்.ஜி.எம். நிறுவனம் தீர்மானித்தபோது, அந்தப் பாத்திரத்துக்காக அணுகப்பட்ட நடிகை உடனே சம்மதிக்கவில்லை. பிரிட்டனின் மிகப் பிரபலமான குணச்சித்திர நடிகை அவர். எழுபதை நெருங்கும் வயதில் கதாநாயகியாகும் வாய்ப்பு வீடு தேடி வந்திருந்தது. ஆனால் கொலையை வைத்துப் பொழுதுபோக்குவதில் அவருக்கு இஷ்டமில்லை. வற்புறுத்தலுக்குப் பிறகு இரண்டு நிபந்தனைகளுடன் ஒப்புக்கொண்டார்: படத்தில் தன் சொந்த உடைகளைத்தான் அணிவார், கணவருக்கும் ஒரு வேடம் தர வேண்டும். 1961-ல் 'மர்டர், ஷி செட்' வெளிவந்தது. வசூல் அமோகம். தொடர்ந்து அதே பாத்திரத்தில் மேலும் மூன்று படங்கள் வந்தன.

படத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. மார்கரெட் ரூதர்ஃபோர்டின் குடும்பத்தில் நிஜமாகவே ஒரு கொலை நடந்திருந்தது. கொல்லப்பட்டவர் அவருடைய தாத்தா. கொன்றவர் அப்பா.

தாத்தா ஜூலியஸ் பென் கிறிஸ்தவ மதபோதகர். மகன் வில்லியம் ரூதர்ஃபோர்ட் பென்னுக்கும் ஃபுளோரன்ஸ் நிக்கல்சனுக்கும் 1882 டிசம்பரில் திருமணம் நடந்தது. கல்யாணமான சில வாரங்களிலேயே வில்லியமின் மனநிலை பாதிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பின் ஓய்வெடுக்கட்டும் என்று தந்தை அவரை டெர்பிஷயரில் மேட்லாக் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே 1883 மார்ச் மாதத்தில், கட்டிலடியில் இரவு உபயோகத்துக்காக வைக்கும் பீங்கான் பாத்திரத்தால் தந்தையை அடித்துக் கொன்றுவிட்டு, வில்லியம் தன் கழுத்தையும் அறுத்துக்கொண்டார். பிழைத்துக்கொண்ட அவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று அறிவித்து, குற்றம் புரிந்த மனநோயாளிகளுக்கான பிராட்மூர் காப்பகத்துக்கு அனுப்பினார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1890-ல் வெளியே வந்தார். கடைசிப் பெயரான 'பென்'னை உதறிவிட்டு நடுப்பெயரான 'ரூதர்ஃபோர்ட்'டைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். ஃபுளோரன்ஸ் கணவருக்காகக் காத்திருந்தார். 1892 மே 11 அன்று லண்டனின் பாலம் பகுதியில் அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை பிறந்தது. பழைய கதை தெரியாத ஓர் ஊரில் புதிதாக வாழ்க்கையைத் தொடங்க வேண்டும் என்று தம்பதி நினைத்தார்கள். கைக்குழந்தையுடன் கப்பலேறி அவர்கள் வந்து சேர்ந்த ஊர், மதராஸ்.

மதராஸ் அவர்களைக் காப்பாற்றவில்லை. இரண்டாவது முறை கர்ப்பமாக இருந்த ஃபுளோரன்ஸ் தற்கொலை செய்துகொண்டார். மூன்று வயது மார்கரெட் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, தாயின் சகோதரி பெஸ்ஸி நிக்கல்சனிடம் விம்பிள்டனில் வளர்ந்தார். அப்பா துக்கத்தில் மனம் உடைந்து இறந்துவிட்டதாகச் சிறுமிக்குச் சொல்லப்பட்டது. சுமார் 12 வயதில் உண்மை தெரியவந்தது: அப்பா உயிரோடு இருந்தார், மீண்டும் பிராட்மூரில் அடைக்கப்பட்டிருந்தார். 1921-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இந்தக் குடும்பத்துக்கு இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. வில்லியமின் அண்ணன் ஜான் பென் பெயரை மாற்றிக்கொள்ளாமல் அரசியலில் உயர்ந்தார். அவருடைய மகன் வெட்ஜ்வுட் பென்தான் 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சராக இருந்தவர். காந்தியின் உப்பு சத்தியாகிரகமும் முதல் வட்டமேஜை மாநாடும் அவர் காலத்தில் நடந்தவை. அவருடைய மகன் டோனி பென், தொழிற்கட்சியின் புகழ்பெற்ற இடதுசாரித் தலைவர். ஒரே வீட்டில் பிறந்த இரு சகோதரர்களில் ஒருவரின் வாரிசுகள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். மற்றவரின் மகள் மேடைக்குப் போனார். ஆனால் அவசரமாகப் போகவில்லை.

அனேகமாக எல்லா நடிகைகளும் இருபது வயதில் தொடங்குவார்கள். மார்கரெட் அந்த வயதில் பியானோவும் பேச்சுப் பயிற்சியும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாணவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் போய் வருவார். நடிப்பு ஆசை உள்ளே இருந்தது. பெஸ்ஸியின் மரணத்துக்குப் பிறகு கிடைத்த சிறிய சொத்து அந்த ஆசைக்கு வழிவிட்டது. லண்டனின் ஓல்ட் விக் நாடகக் குழுவில் பயிற்சிக்குச் சேர்ந்து, 1925-ல் முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு வயது 33. பல நடிகைகள் தங்களைக் கதாநாயகி வேடத்துக்குக் கூப்பிடுவது குறைகிறதே என்று கவலைப்படத் தொடங்கும் வயது அது.

மார்கரெட்டுக்கு அந்தக் கவலை எழ வழியே இல்லை. பருத்த உடல், பை பையாகத் தொங்கும் கண்கள், மடிப்பு மடிப்பாக இறங்கும் தாடை. ஜூலியட் வேடத்துக்கு அவரை யாரும் கூப்பிடப்போவதில்லை. கிடைத்தவை அத்தைகள், ஆசிரியைகள், வேலைக்காரிகள், பிரபுக்களின் விதவைகள். வெளியூர் நாடகக் குழுக்களில் அன்று வாரம் ஒரு நாடகம். இரவில் இந்த வாரத்து நாடகத்தை நடிக்க வேண்டும். பகலில் அடுத்த வாரத்து வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். இந்தச் செக்கில் பல வருடங்கள் சுழன்ற பிறகு, 1933-ல்தான் லண்டனின் பெரிய அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் காலூன்றினார். அப்போது வயது நாற்பதுக்கு மேல்.

1939-ல் ஆஸ்கர் ஒயில்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தை ஜான் கில்குட் மேடையேற்றினார். அதில் மிஸ் பிரிஸம் என்ற ஆசிரியை வேடம் மார்கரெட்டுக்கு. இளமையில் ஒரு நாள் தான் எழுதிய நாவலைத் தள்ளுவண்டியிலும் கைக்குழந்தையைக் கைப்பையிலும் மாற்றி வைத்துவிட்டு, பையை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தவள் மிஸ் பிரிஸம். அபத்தமான பாத்திரம். அதை மார்கரெட் அபத்தமாக நடிக்கவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தவறு, இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு எல்லோர் முன்னிலையிலும் விசாரணைக்கு வருகிறது. அப்படி ஒருத்திக்கு எவ்வளவு வெட்கமும் பயமும் இருக்குமோ, அவ்வளவையும் முகத்தில் காட்டினார். அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய முறை.

அடுத்த வருடமே அதற்கு நேர்மாறான வேடம். டாஃப்னே டு மோரியேயின் 'ரெபெக்கா' நாடகத்தில், புதுப்பெண்ணைச் சித்திரவதை செய்யும் வீட்டுக் காரியஸ்தி மிசஸ் டான்வர்ஸ். பார்ப்பவர்களை மிரள வைக்க வேண்டிய பாத்திரம். 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மீது பொழிந்த குண்டுகளில் ஒன்று, 'ரெபெக்கா' நடந்துவந்த குவீன்ஸ் தியேட்டரில் விழுந்தது. நாடகம் நின்றது.

சில மாதங்களில் நோயல் கவர்ட் ஒரு நாடகத்தோடு வந்தார். தலைப்பு 'பிளைத் ஸ்பிரிட்'. லண்டனில் நாள்தோறும் சாவு விழுந்துகொண்டிருந்த நேரத்தில் சாவை வைத்துச் சிரிப்பு நாடகம். நாவலாசிரியர் ஒருவர் புத்தகத்துக்கு விஷயம் சேகரிக்க, ஆவிகளோடு பேசும் மேடம் ஆர்காட்டி என்ற பெண்மணியை வீட்டுக்கு அழைக்கிறார். மோசடிக்காரி என்று நினைத்து அழைத்தால், அவரோ இறந்துபோன முதல் மனைவியின் ஆவியை நிஜமாகவே வரவழைத்துவிடுகிறார். இரண்டாவது மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

மார்கரெட் முதலில் தயங்கினார். ஆவிகளை நம்புகிறவர்களை ஏளனம் செய்வது தகாது என்பது அவர் கட்சி. கடைசியில் ஒப்புக்கொண்டபோதும், மேடம் ஆர்காட்டியை ஒரு போலியாக நடிக்க மறுத்துவிட்டார். தன் தொழிலை உயிராக மதிக்கும் நேர்மையான பெண்மணியாகவே அவளை மேடைக்குக் கொண்டுவந்தார். சைக்கிளில் வந்து இறங்குவதும், கனமான சாண்ட்விச்சுகளை ஆசையாகச் சாப்பிடுவதும், ஆவி வந்திருப்பது தெரிந்ததும் பரீட்சையில் தேறிய பள்ளிச் சிறுமிபோலக் குதிப்பதும் பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, ஆர்காட்டிக்கு வாழ்க்கை. 1941 ஜூலையில் தொடங்கிய நாடகம் மொத்தம் 1,997 தடவை நடந்தது. சங்கீத நாடகங்களை விட்டுவிட்டுப் பார்த்தால் அன்றைய லண்டனில் அது ஒரு சாதனை. 1945-ல் டேவிட் லீன் அதைப் படமாக்கியபோதும் ஆர்காட்டி மார்கரெட்தான். எழுபது எண்பது வருடங்கள் கழித்து அந்த வேடத்தைப் போடுகிற எந்த நடிகையும் அவருடன் ஒப்பிடப்படாமல் தப்ப முடியவில்லை.

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களின் பொற்காலத்தில் அவர் இல்லாத வருடம் அபூர்வம். 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ' (1949) படத்தில், லண்டனின் ஒரு பேட்டை சட்டப்படி இங்கிலாந்தைச் சேர்ந்ததே அல்ல என்று ஒரு பழைய பத்திரத்தை வைத்து நிரூபிக்கும் சரித்திரப் பேராசிரியர். 'தி ஹாப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்' (1950) படத்தில், அரசு அலுவலகத்தின் குளறுபடியால் ஆண்கள் பள்ளி ஒன்றுக்குத் தன் மாணவிகளுடன் வந்து சேரும் தலைமையாசிரியை. ஆண்கள் பள்ளித் தலைவராக வரும் அலஸ்டர் சிம்முடன் அவர் மோதும் காட்சிகளில், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத இரண்டு ராஜாங்கங்கள் எல்லைத் தகராறு செய்வதுபோல இருக்கும். மோவாயை மட்டும் கொண்டே நடிக்கக்கூடியவர் என்று எழுதினார் பிரபல விமர்சகர் கென்னத் டைனன். அது மிகை இல்லை. வசனம் முடிந்த பிறகும் அந்த மோவாய் பேசிக்கொண்டிருக்கும்.

இத்தனையையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அல்ல ஸ்ட்ரிங்கர் டேவிஸ். சக நடிகர், மார்கரெட்டைவிட ஏழு வயது இளையவர், சாந்தமானவர். இருவரும் 1930-ஐ ஒட்டி ஆக்ஸ்ஃபோர்டில் நாடகக் குழுவில் சந்தித்தார்கள். ஸ்ட்ரிங்கரின் தாயாருக்கு இந்த உறவு பிடிக்கவில்லை. ஒரு வருடமா, இரண்டு வருடமா? பதினைந்து வருடங்கள் காத்திருந்தார்கள். 1945-ல் திருமணம் நடந்தபோது மார்கரெட் ஐம்பதைக் கடந்திருந்தார். அதன் பிறகு அவர் நடித்த பல படங்களில் ஸ்ட்ரிங்கருக்கும் ஏதாவது ஒரு சிறிய வேடம் இருக்கும்: ஒரு நூலகர், ஒரு ஹோட்டல் சிப்பந்தி, ஒரு கிழட்டு வழிப்போக்கர். திறமைக்காகக் கிடைத்தவை என்பதைவிட, மனைவி கேட்டு வாங்கியவை என்பதே சரி.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தாய் தற்கொலை செய்துகொண்டவர், தந்தை காப்பகத்தில் இறந்தவர். அந்த நோய் தன் ரத்தத்திலும் இருக்குமோ என்ற அச்சம் மார்கரெட்டை விட்டு விலகவில்லை. பாதாளத்தில் விழுந்ததுபோன்ற மனச்சோர்வு அவ்வப்போது வந்தது. பல முறை மருத்துவமனையில் தங்கினார். மின் அதிர்ச்சி சிகிச்சையும் பெற்றார். இவை எதுவும் அவர் வாழ்நாளில் ரசிகர்களை எட்டவில்லை. எட்டாமல் பார்த்துக்கொண்டவர் ஸ்ட்ரிங்கர். படப்பிடிப்பில் மூலையில் ஒரு சின்ன வேடத்துடன் நின்ற அந்த மனிதரின் நிஜ வேலை அதுதான்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் மிஸ் மார்ப்பிள் விவகாரம் வேறு மாதிரித் தெரியும். துப்பறியும் கதைகளில் கொலை என்பது ஒரு புதிர். உள்நாக்கைக் காட்டாமல் தேநீர் அருந்தும் கனவான்கள் மத்தியில் ஒரு பிணம் விழும். கடைசி அத்தியாயத்தில் விடை கிடைக்கும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். கொலை நடந்த வீட்டில் அடுத்த தலைமுறை எப்படி வளர்கிறது என்று எந்தத் துப்பறியும் கதையும் சொல்வதில்லை. அதை அறிந்தவருக்கு இந்த விளையாட்டு ருசிக்காததில் ஆச்சரியம் என்ன? ஆனால் இந்தக் கிழவி தீமையை எதிர்த்து நிற்பவள் என்று எடுத்துச் சொல்லப்பட்டபோது, தான் மதிக்கக்கூடிய ஒரு பெண்ணை அவர் மார்ப்பிளிடம் கண்டுகொண்டார். மற்ற எல்லாப் பாத்திரங்களையும்போல அவளையும் முழு மரியாதையோடு நடித்தார்.

கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் ஒல்லியானவள், மென்மையானவள், ஒரு மூலையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடிப்பவள். மார்கரெட்டின் மார்ப்பிள் தோளில் பெரிய மேலங்கியோடு புயல்போல நுழைவாள், குதிரை ஏறுவாள், ட்விஸ்ட் நடனம் ஆடுவாள், 1964-ல் வந்த 'மர்டர் அஹாய்' படத்தில் வாளேந்தி வில்லனுடன் சண்டை போடுவாள். மூலக்கதையின் பக்தர்கள் பல்லைக் கடித்தார்கள். கிறிஸ்டிக்கும் படங்கள் பிடிக்கவில்லை. நான்கில் இரண்டு கதைகள் அவருடைய இன்னொரு துப்பறிவாளர் பாய்ரோவுக்காக எழுதப்பட்டவை. ஒன்று கிறிஸ்டி எழுதவே எழுதாதது. மார்ப்பிளின் தோழராக ஸ்ட்ரிங்கர் டேவிஸ் ஏற்ற 'மிஸ்டர் ஸ்ட்ரிங்கர்' எந்த நாவலிலும் கிடையாது. படங்களைத் திட்டிய அதே கிறிஸ்டி, 1962-ல் வெளியான தன் மார்ப்பிள் நாவல் ஒன்றை மார்கரெட் ரூதர்ஃபோர்டுக்கு அன்போடு சமர்ப்பணம் செய்தார். பாத்திரம் சிதைந்துவிட்டது என்று வருந்திய எழுத்தாளரால்கூட அந்த நடிகையை வெறுக்க முடியவில்லை.

முதல் மார்ப்பிள் படத்தில் சமையல் வேலைக்கு வரும் ஒரு பெண் பாத்திரத்தை யாரும் அதிகம் கவனித்திருக்க மாட்டார்கள். நடித்தவர் ஜோன் ஹிக்சன். 1984-லிருந்து 1992 வரை பிபிசி தொலைக்காட்சியில் அசல் கிறிஸ்டியின் மார்ப்பிளாக வந்து புகழ்பெற்றவர் அவரே. குணச்சித்திர நடிகைகளின் உலகம் அப்படித்தான். ஐந்து நிமிட வேடத்தில் நிற்பவருக்கு எப்போது முறை வரும் என்று சொல்ல முடியாது.

மார்கரெட்டுக்கு ஹாலிவுட்டின் முறை 71 வயதில் வந்தது. 'தி வி.ஐ.பி.ஸ்' (1963) படம் எலிசபெத் டெய்லர், ரிச்சர்ட் பர்ட்டன் ஜோடிக்காக எடுக்கப்பட்டது. மூடுபனியால் லண்டன் விமான நிலையத்தில் சிக்கிக்கொள்ளும் பணக்காரப் பயணிகளின் கதை. அவர்கள் நடுவே, பூர்வீக மாளிகையைக் காப்பாற்றப் பணமில்லாமல் வேலை தேடி அமெரிக்காவுக்குப் புறப்படும் ஒரு வயதான டச்சஸ். விமானப் பயணம் அவளுக்குப் புதிது. பயத்துக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே இருப்பாள். நட்சத்திர ஜோடியின் காதல் சண்டை மறந்துபோனவர்களுக்கும் அந்தக் கிழவி நினைவிருக்கிறாள். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் 1964 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டபோது மார்கரெட் அங்கே இல்லை. பீட்டர் உஸ்டினோவ் அவர் சார்பில் பெற்றுக்கொண்டார்.

ஆர்சன் வெல்ஸ் அவரிடம் இன்னும் ஆழமான ஒன்றைப் பார்த்தார். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃபை மையமாக வைத்து எடுத்த 'சைம்ஸ் அட் மிட்நைட்' (1965) படத்தில், மதுக்கடை நடத்தும் மிஸ்ட்ரஸ் குவிக்லி வேடத்தை மார்கரெட்டுக்குக் கொடுத்தார். ஃபால்ஸ்டாஃப் எப்படி இறந்தான் என்று அவள் சொல்லும் இடம் ஒன்று உண்டு. குரலை உயர்த்தாமல், கண்ணீரைக் கூப்பிடாமல், ஒரு சாதாரணப் பெண் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறாள். சிரிப்பு நடிகை என்று முத்திரை குத்தியவர்கள் பார்க்க வேண்டிய காட்சி.

ரகசியங்களின் பாரம் தெரிந்தவர் என்பதாலோ என்னவோ, அடுத்தவர் வாழ்க்கையின் வினோதங்கள் அவரை அதிரவைக்கவில்லை. எழுத்தாளர் கார்டன் லாங்லி ஹாலை மார்கரெட்டும் ஸ்ட்ரிங்கரும் 1960-களில் பிள்ளையாக வரித்துக்கொண்டார்கள். 1968-ல் கார்டன் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு டான் என்ற பெண்ணாக மாறினார். அடுத்த ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் ஒரு கறுப்பின இளைஞரை மணந்தார். இனவெறி ஊறிய அந்த ஊரில் புயல் கிளம்பியது. பத்திரிகைகள் மொய்த்தன. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மார்கரெட் தன் மகளின் பக்கம் வெளிப்படையாக நின்றார். தன் குடும்பத்தில் பெயரை மாற்றி, கடல் தாண்டி, குழந்தையிடம் பொய் சொல்லி மறைக்கப்பட்டவை எவ்வளவோ. இதில் மறைக்க அவருக்கு எதுவும் தெரியவில்லை. பின்னாளில் டான் லாங்லி சிம்மன்ஸ் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

1967-ல் 'டேம்' பட்டம் வந்தது. அதற்குள் உடல் தளர ஆரம்பித்திருந்தது. அதைவிடக் கொடுமை, ஞாபகம் தளர்ந்தது. வாரம் ஒரு நாடகத்தை மனப்பாடம் செய்த மூளைக்கு வசனங்கள் நழுவின. 1966-ல் 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் வார்த்தைகளை மாற்றிப் பேசுவதற்கே பேர்போன மிசஸ் மாலப்ராப் வேடம் ஏற்றவர், உடல்நலக் குறைவால் பாதியில் விலக நேர்ந்தது. கடைசி ஆண்டுகளில் அல்ஸைமர் நோய். ஸ்ட்ரிங்கர் தாதியாகவும் சமையல்காரராகவும் காவலராகவும் பக்கத்தில் இருந்தார். 1972 மே 22 அன்று, எண்பதாவது பிறந்த நாளுக்குப் பதினோரு நாட்கள் கழித்து, மார்கரெட் இறந்தார். மறு வருடமே ஸ்ட்ரிங்கரும் போய்விட்டார்.

நகைச்சுவை நடிகர்களில் பெரும்பாலோர் தாங்கள் நடிக்கும் முட்டாளைவிடத் தாங்கள் புத்திசாலி என்று ரசிகருக்கு ஓரக்கண்ணால் தெரிவித்துவிடுவார்கள். மார்கரெட் ரூதர்ஃபோர்ட் அந்தக் கண்ஜாடையை ஒருபோதும் செய்ததில்லை. கிறுக்கர்கள் என்று ஊர் ஒதுக்கும் மனிதர்கள் உள்ளே எவ்வளவு சீரியஸாக, எவ்வளவு தனியாக வாழ்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மேடம் ஆர்காட்டியின் சைக்கிளும் மார்ப்பிளின் மேலங்கியும் டச்சஸின் மாத்திரை டப்பாவும் நம்மைச் சிரிக்கவைத்துவிட்டு, அந்தப் பெண்களை நேசிக்கவும் வைக்கின்றன.

கணவனும் மனைவியும் பக்கிங்ஹாம்ஷயரில், ஜெரார்ட்ஸ் கிராஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாக இருக்கிறார்கள். கல்லின் அடியில் அவரைப் புகழேற்றிய நாடகத்தின் தலைப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. மேலே இருக்கும் பெயர் ரூதர்ஃபோர்ட். ஒரு கொலையை மறைப்பதற்காகத் தந்தை போர்த்திக்கொண்ட பெயர் அது. மகள் அதை உலகம் அறிந்த பெயராக்கிவிட்டார்.